நக்லா கேட்டது ஒன்று

மூன்று மெழுகுவர்த்திகளில் நடுவில் நின்றது மட்டும் உருகவே இல்லை. ஒரே பெட்டியிலிருந்து எடுத்து ஒரே தீக்குச்சியில் வகீஹ் ஏற்றியவைதாம். இடமும் வலமும் பாதிக்குமேல் கரைந்து பித்தளைத் தட்டில் குளம் கட்டியிருந்தன. நடுவிலிருந்தது கடையில் வாங்கிய உயரத்திலேயே ஆடாமல் அசையாமல் எரிந்தது.

மூன்று துண்டுச்சீட்டில் மூன்று பெயர் எழுதி அடியில் வைத்திருந்தான். எது கடைசிவரை எரிகிறதோ அதுவே பிள்ளைக்குப் பெயர். கண்ணாடிப் பெட்டியில் ஒரு மாதம் கிடந்த பிள்ளை வீட்டுக்கு வந்து ஏழாம் நாள் இது. அவன் மனைவி நக்லா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. தான்டா நகரில் இருக்கும் அத்தனை உறவிலும் ஒருவர்கூட அந்த மூன்றாம் மாடிக்கு ஏறி வரவில்லை. இழவு வீட்டில் கொண்டாட எந்த முகத்தோடு வருவார்கள்? ஏழாம் நாள் சடங்கை விடவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவன் தாய் இன்ஸாஃப்தான்.

பொழுது சாயும்போது, சடங்கு வழக்கப்படி, பித்தளை உரலைப் பிள்ளையின் காதருகே வைத்து இடித்தாள் அவள். "அப்பா பேச்சைக் கேளு! பாட்டி பேச்சைக் கேளு! அம்மா பேச்சை மட்டும் கேக்காதே!"

"செத்தவளைப் போய் ஏம்மா..."

"செத்தா என்னடா? அவ பேச்சைக் கேட்டிருந்தா இந்தப் பிள்ளை ஏது உனக்கு?"

பெரிய மனசுதான்! உரலைத் தூக்கிக்கொண்டு பானத்துக்குக் கொட்டைகள் இடிக்கச் சமையலறைக்குப் போனாள். டொங். டொங். ஒரே சீராக வந்துகொண்டிருந்தது சத்தம்.

நக்லாவின் பேச்சு ஒரே ஒரு சொல்தான். கரு வைக்கும் நாளில் டாக்டரம்மா சொன்னாள், "மூணு கரு நல்லா வந்திருக்கு. ஆனா உன் கருப்பையில பழைய தையல் இருக்கேம்மா. ஒண்ணு வைப்போம், மிச்சத்தை உறைய வச்சு எடுத்து வைப்போம். நீ என்ன சொல்றே?"

"ஒண்ணு போதும்," என்றாள் நக்லா. தாளில் எண்ணைத் தானே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு உடை மாற்றப் போனாள்.

இன்ஸாஃப் முழங்கையால் அவனை இடித்தாள். "மூணையும் வைக்கச் சொல்லுடா. ஒண்ணு போனா ஒண்ணு நிக்கும். அவளைக் கேட்டுக்கிட்டா இதையெல்லாம் செய்வாங்க?"

அரபி எண்ணில் ஒன்று என்பது வெறும் நேர்கோடு. அதன் தலையில் இரண்டு பல் வைத்தால் மூன்று. பேனாவை இரண்டே முறை சுழித்தான் வகீஹ். "அவளும் சம்மதிச்சுட்டா டாக்டர்," என்று தாளை நீட்டினான்.

ஏழாம் மாதம் தையல் கிழிந்தது. இரண்டு பிள்ளைகள் உள்ளேயே போயின. தள்ளுவண்டியில் ரத்தம் சொட்டச் சொட்ட அவள் வலது கையைத் தூக்கி ஆட்காட்டி விரலை நீட்டினாள். சாகும்போது இறைவன் ஒருவனே என்று கலிமா சொல்கிறாள், புண்ணியவதி என்று சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். அவள் பார்த்தது வானத்தை இல்லை, அவனை. அது அவனுக்கு மட்டும் தெரியும்.

இடது மெழுகுவர்த்தி அணைந்தது.

ஜன்னல் சாத்தியிருந்தது. காற்று இல்லை. யாரோ விரலால் கிள்ளியதுபோல் திரி சட்டென்று கருகியது. புகை வாசனை வரவில்லை, ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை வந்தது. சமையலறையில் டொங் என்றது. அடுத்தது வரவில்லை.

"அம்மா?"

கனமாக ஏதோ சுவரில் உரசிக்கொண்டு சரிந்தது. உரல் உருண்டு, உருண்டு, நின்றது.

"அம்மா!"

ஓட நினைத்தான். அதற்குள் கை அணைந்த மெழுகுவர்த்தியின் அடியிலிருந்த சீட்டை உருவியது. யஹ்யா என்று அவன் எழுதிய சீட்டு. இப்போது அதில் நக்லாவின் சாய்ந்த கையெழுத்து. இன்ஸாஃப்.

வலதுபக்கச் சீட்டை உருவினான். வகீஹ்.

வீட்டில் மூன்று உயிர். அவள் எண்ணி வைத்திருக்கிறாள்.

வலதுபக்கச் சுடர் குன்றிக் கடுகளவானது. கூடவே அவன் மூச்சும். இரண்டு உள்ளங்கைகளாலும் சுடரைப் பொத்தினான். "நக்லா, சத்தியமா அம்மாதான் சொன்னாங்க. அவங்களைத்தான் எடுத்துக்கிட்டியே. ரெண்டு பேர் இருந்துட்டுப் போறோம். ரெண்டு..."

தொட்டிலில் பிள்ளை அழவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துச் சிரித்தது.

தோளுக்கு மேலாக ஈரமான கை ஒன்று வந்தது. மணிக்கட்டில் பிளாஸ்திரி. அதன் அடியில் ஊசி. அவன் கண்ணுக்கு நேரே அது ஆட்காட்டி விரலை நீட்டிக் காட்டியது.

ஒன்று.

பிறகு அவன் உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல இறங்கியது. கட்டைவிரலும் வந்து சேர்ந்துகொள்ள, இரண்டு விரலும் திரியை நெருங்கின.