மடங்காத கால்

அன்றைக்குக் கூட்ட அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி முதலாளி. அவருக்கு வலப்பக்கம் கணக்கர். கதவோரம், மடியில் வண்ணப்பெட்டியோடு, பொம்மைகளுக்கு முகம் எழுதும் அக்கா. கணக்கருக்கு நேர் எதிரே தலைமை வடிவமைப்பாளர். பட்டறையில் எல்லோரும் அவரைக் கத்தரி என்றுதான் சொல்வார்கள், அவர் காதுபடவே. ஐந்தாவதாக, மேசை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, போர்வீரன் பொம்மையின் மாதிரி உருவம் உட்கார்ந்திருந்தது.

கத்தரிக்கு உறுத்தியது அதுதான். முழங்காலுக்கு மூட்டு வேண்டாம், வீண்செலவு என்று வரைபடத்தில் சிவப்பு மையால் அடித்தவரே அவர். மடங்காத காலோடு பொம்மை எப்படி உட்காரும்?

அச்சுக்காரன் குளறுபடி செய்திருப்பான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். மூட்டுகளை வெட்டி வெட்டியே மேலே வந்த மனிதர் அவர். இடுப்பு திரும்ப வேண்டாம், கழுத்து அசைய வேண்டாம், தோள் ஒன்று போதும், கை எதையாவது பிடித்தபடி இருந்தால் சரி. வாயைத் திறந்து வைத்தால் பல்லுக்குத் தனி வண்ணம், ஆகவே வாயும் மூடியிருக்கட்டும்.

இந்த வீரனை மெழுகில் செதுக்கியவன் அக்காவின் கணவன். விரல்கள்கூட மடங்க வேண்டும் என்று கத்தரியின் அறை வாசலில் நின்று கெஞ்சியிருக்கிறான். "மடங்கலன்னா அது பொம்மை இல்ல சார், பொணம்." கத்தரி மூட்டுகளை வெட்டினார், கையோடு அவன் பெயரையும் வெட்டினார். அவனுக்குக் கை நடுங்குகிறது என்று முதலாளி காதில் போட்டு வேலையை விட்டே அனுப்பினார். அடுத்த மழைக்காலத்துக்கு அவன் இல்லை. அடக்கம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பியபோது ஒரு வார்த்தை கேட்கவில்லை. விவரம் தெரியாத பொம்பளை என்று கத்தரி நிம்மதியாக மூச்சு விட்டார்.

இன்றைக்கு அவர் கையெழுத்தோடு ஒப்புதல் கடிதம் போய்விட்டால் எஃகில் அச்சு வெட்டிவிடுவார்கள். பொம்மையின் முதுகில் அவர் பெயர் புடைத்து நிற்கும். கம்பெனியில் பங்கும் கிடைக்கும். வெட்டிய எஃகை யாராலும் திருத்த முடியாது.

வெளியே மழை கட்டிப் பகலிலேயே அறை இருண்டது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியும் சத்தத்துக்கு அடியில், மேசைக்கு அடியில் என்றும் சொல்லலாம், பொம்மையின் குண்டு மூட்டு குழிக்குள் அமரும் அந்தப் பழகிய சின்ன ஓசை கேட்டது. டக். கூடவே உருக்கிய மெழுகின் வாசனை.

கணக்கர் குனிந்து பார்த்துவிட்டு, "காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்க சார், என் நாற்காலியத் தள்ளுது" என்றார்.

கத்தரி மடக்கப் பார்த்தார். மேசைக்கு அடியில் இரண்டு கால்களும் பலகைபோல் நீண்டிருந்தன. வலி இல்லை. மடக்க ஓர் இடமே அங்கே இல்லை.

பொம்மையின் கால் மெல்ல ஆடியது.

அவர் இடுப்பைத் திருப்பினார். டக். திரும்பவில்லை. யாரையாவது பார்க்கலாம் என்று கழுத்தை அசைத்தார். டக். முதலாளி கணக்குப் பேசிக்கொண்டே இருந்தார். கத்தரியின் பார்வை கதவோரத்தை நோக்கியே நின்றுவிட்டது. அங்கே அக்கா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், முகம் எழுதுவதற்கு முன் ஒரு தலையை அளவெடுப்பதுபோல.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார்," என்றாள். "இது யாரு செஞ்சது?"

முதலாளி சிரித்தார். "என்னம்மா இது, இப்பப் போய்."

வாய் மட்டும் இன்னும் அவருடையதாக இருந்தது. கத்தரிக்குப் புரிந்தது. ஒரு பெயரைச் சொன்னால் போதும். அவன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குப் பின்னாலேயே பங்கும், புடைத்த எழுத்துகளும் வந்தன.

"நான்தான்."

டக்.

உதடுகள் ஒன்றாகின. கோடுகூட இல்லாமல்.

அக்கா எழுந்து வந்தாள். பாதி சுருண்டு நின்ற அவர் விரல்களுக்கு நடுவே பேனாவைச் செருகினாள். அச்சில் வார்த்ததுபோல் கச்சிதமாகப் பொருந்தியது. தோளைப் பிடித்து அசைத்தாள். ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது.

"சந்தோஷத்துல மனுஷனுக்குப் பேச்சே வரல," என்றார் முதலாளி. கணக்கரும் அவரும் குடையைத் தேடிக்கொண்டு வெளியே போனார்கள்.

கத்தரி கத்தினார். உள்ளேயே.

அக்கா பொம்மையைத் தூக்கி அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். அதன் முகம் ஈரமாக இருந்தது. இப்போதுதான் எழுதியது. அவருடைய முகம். மூடிய வாய். விரியத் திறந்த கண்கள்.

"எங்க வீட்டுக்காரர் கேட்ட மூட்டெல்லாம் வெச்சாச்சு சார். எங்கேர்ந்து எடுத்தோம்னு உங்களுக்கே தெரியும்."

பொம்மையை மறுபடி மேசை விளிம்பில் வைத்துவிட்டுக் கடிதத்தை மடித்து உறையில் இட்டாள். பசை தடவினாள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். கதவுக்கு வெளியே காத்திருந்த தபால்காரரின் பையில் அது விழும் சத்தம் கேட்டது.

கண் எரிந்தது. இமைக்க முடியவில்லை.

மேசை விளிம்பில் பொம்மை காலை ஆட்டிக்கொண்டிருந்தது. பிறகு, ஒவ்வொரு விரலாக, மடக்கிப் பார்த்தது.