தோர்டிஸ் அத்தைக்கு யார் பாட்டு எழுதுவது?

எங்கள் தீவில் ஒரு விருந்து நடந்தால் கேக் கருகிப்போனாலும் மன்னித்துவிடுவோம். பாட்டு இல்லையென்றால் மன்னிக்கவே மாட்டோம். எல்லாருக்கும் தெரிந்த பழைய மெட்டு ஒன்றை எடுத்து, விருந்துக்கு உரியவரின் கதையைப் புது வரிகளாக எழுதி, ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு தாள் வைப்போம். மற்ற எல்லாரும் எழுந்து நின்று பாட, அவர் மட்டும் உட்கார்ந்து வெட்கப்பட வேண்டும்.

அந்தப் பாட்டுகளையெல்லாம் எழுதுவது தோர்டிஸ் அத்தைதான். அவர் நிஜமான கவிஞர். பதினோரு புத்தகம் போட்டவர். தலைநகரில் பெரிய பரிசு வாங்கியவர். ஆனாலும் ஊரில் யார் கேட்டாலும் முகம் சுளிக்காமல் எழுதித் தருவார். ஒட்வார் மாமாவின் கப்பல் எஞ்சினுக்கு இருபத்தைந்து வயதானபோது, அதற்குக்கூட நான்கு பத்தியில் ஒரு பாட்டு எழுதினார்!

அந்த வியாழக்கிழமை அப்பா பிடித்த மீனைக் கொண்டுபோய்க் கொடுக்க நான் அத்தை வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை அவருக்கு எழுபது வயது.

"வாடி ரன்வெய்! மீனை அங்க வை. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று குரலைத் தாழ்த்தினார். "என் பாட்டு எந்த மெட்டு?"

"எனக்குத் தெரியாது அத்தை."

"சமத்து! சொல்லாதே, சொல்லாதே!" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாகக் கையை எடுத்தார். "அம்பதாவது பிறந்தநாளுக்கு நான் தலைநகர்ல தனியா இருந்தேன். அறுபதுக்கு ஆஸ்பத்திரியில. ஊருக்கு இருநூறு பாட்டு எழுதியிருப்பேன். எனக்குன்னு யாரும் ஒண்ணு பாடினதே இல்லடி. இந்த வயசுல இப்படி ஒரு ஆசை! சிரிப்பா இருக்குல்ல?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது.

அங்கிருந்து நேராக ஊர் மண்டபத்துக்கு ஓடினேன். அப்பாவும் ஒட்வார் மாமாவும் மேசைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முன்பு எங்கள் பள்ளியில் பாடம் நடத்திய ஹல்டிஸ் டீச்சர் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தோர்டிஸ் அத்தைக்குப் பாட்டு ரெடியா?" என்று கேட்டேன்.

"டீச்சர் எழுதுறாங்க" என்றார் அப்பா.

"நானா? ஒட்வார் எழுதுறார்னுல்ல நெனச்சேன்!"

"என்னை விட்டுடுங்க தாயே!" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பின்வாங்கினார் ஒட்வார் மாமா. "எனக்குக் கப்பல் ஓட்டத்தான் தெரியும்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவங்க எவ்வளவு பெரிய கவிஞர்" என்றார் டீச்சர். "நாம எதையாவது கிறுக்கி வச்சா, சபையில மானம் போயிடும். பாட்டு வேணாம். கேக்கை இன்னும் ஒரு அடுக்கு உசத்திடலாம்."

"ஆமா, அவங்களுக்கே பாட்டெல்லாம் சலிச்சுப் போயிருக்கும்" என்றார் அப்பா.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "சலிக்கல! அவங்க ஆசையா காத்துக்கிட்டிருக்காங்க! காதைப் பொத்திக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்காங்க!" என்று கத்தினேன். "நீங்க யாரும் எழுதலேன்னா நான் எழுதுறேன்!"

சொல்லிவிட்டேனே தவிர, வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்து உட்கார்ந்தபோது ஒரு வரிகூட வரவில்லை. 'வானில் நிலவு' என்று எழுதினேன். அத்தைக்கும் நிலவுக்கும் என்ன சம்பந்தம்? அடித்தேன். 'கவிதைக் கடலே' என்று எழுதினேன். அதைப் படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. பென்சில்தான் பாதியாகத் தேய்ந்தது.

அப்போதுதான் யோசித்தேன். அத்தை எப்படி எழுதுவார்? போன வருடம் அம்மாவின் பாட்டுக்காக எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களைக் கேள்வி கேட்டாரே தவிர, நிலவைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நானும் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கவிதை எழுதச் சொன்னால் ஓடியவர்கள், கதை கேட்டதும் விடவே இல்லை.

"நானும் அவளும் ஒரே வகுப்பு" என்றார் டீச்சர். "அவ கட்டுரையில வாத்தியார் பக்கம் பக்கமா சிவப்புக் கோடு போட்டார். அவ என்ன பண்ணினா தெரியுமா? அந்தச் சிவப்புக் கோட்டுக்கு மேலயே அடுத்த கட்டுரையை எழுதிக் கொடுத்தா!"

"பரிசு வாங்கின அன்னிக்கு விருந்துல பாதியில எழுந்து வந்துட்டாங்க" என்றார் அப்பா. "கேட்டா, வீட்டுல ரொட்டி மாவு புளிச்சுக்கிட்டிருக்குன்னாங்களாம்."

ஒட்வார் மாமாவைக் கப்பலில் போய்ப் பிடித்தேன்.

"அவங்க முதல் புத்தகத்தைப் பதிப்பகத்துக்காரங்க மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. மூணு பொட்டலமும் இதே கப்பல்லதான் வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் மேல்தட்டுல நின்னு கடல் காக்காய்ங்களைத் திட்டுவாங்க. நாலாவது தடவை பொட்டலம் வரல. புத்தகம் போடுறோம்னு சின்னதா ஒரு கடிதம். அதைப் படிச்சதும் ஓடி வந்து எங்கப்பாவோட தாடியில ஒரு முத்தம் குடுத்தாங்க. எங்கப்பா கேப்டன். கேப்டன்னு கண்டிப்பா போடணும், ஆமா! கடிதம்னும் போடணும், தாடின்னும் போடணும்."

"மெட்டுல அடங்காது மாமா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நடந்தது நடந்தபடி இருக்கணும்."

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. ஒவ்வொரு தட்டின் மேலும் என் பாட்டு. கீழே பெயர் போடவில்லை. எனக்குத் தைரியம் இல்லை. அத்தை தாளைப் பார்த்தார். படிக்காமல் அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டு காத்திருந்தார். டீச்சர் மெட்டை எடுத்துக்கொடுக்க, எல்லாரும் எழுந்து நின்றோம்.

உப்புக் காற்றில் பிறந்தாளே,
ஊரே கேட்க அழுதாளே!
தப்புக் கோடு போட்டாலும்
தாளில் மேலே எழுதினாளே!

ஹல்டிஸ் டீச்சரின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. ரொட்டி மாவு பத்தியில் அப்பா சிரித்துவிட்டார். பிறகு அந்த மூன்றாம் பத்தி வந்தது.

'நான்காம் முறை கடிதம் வந்ததும் கேப்டனின் தாடியில் எல்லார் முன்னாலும் ஓடி வந்து முத்தம் கொடுத்தாளே!'

மெட்டு முடிந்துவிட்டது; வரி முடியவில்லை. பாதிப் பேர் 'தாடி'யில் நின்றார்கள், பாதிப் பேர் மூச்சு வாங்கிக்கொண்டே 'முத்த'த்துக்கு ஓடினார்கள். ஒட்வார் மாமா மட்டும் தனியாகக் 'கேப்டனின்' என்று முழங்கினார். மண்டபமே சிரித்தது. எனக்கு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது.

அத்தை கையை உயர்த்தினார். எல்லாரும் அடங்கினார்கள்.

"யார் எழுதினது?"

நான் மெல்லக் கையைத் தூக்கினேன். "நான்தான் அத்தை. எல்லாரும் சொன்னாங்க, நான் எழுதினேன். அந்த வரி நீளமாயிடுச்சு. மன்னிச்சிடுங்க."

"'ஓடி வந்து'ங்கிறதை எடுத்துட்டாச் சரியா வந்துடும்" என்றார் டீச்சர், பேனாவைத் திறந்துகொண்டே.

"ஒரு வார்த்தையைத் தொட்டீங்கன்னா பாருங்க!" என்றார் அத்தை. அவர் கண் இரண்டும் நனைந்திருந்தன. "ஓடித்தான் வந்தேன். பனியில வழுக்கி விழுந்து, எழுந்து ஓடி வந்தேன். அதையெல்லாம் நானே மறந்துட்டேன். நீங்க யாரும் மறக்கலையே! மறுபடியும் பாடுங்க. முதல்லேருந்து!"

பாடினோம். உட்கார்ந்து வெட்கப்பட வேண்டியவர் இந்த முறை எழுந்து நின்று எங்களோடு பாடினார். அந்த வரி அப்போதும் மெட்டில் அடங்கவில்லை. அடங்காத இடத்தில் எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடியவர் அவர்தான்.

கேக் வெட்டிய பிறகு தன் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு என் நாற்காலிக்கு வந்தார்.

"கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். வாடி போடி என்று கூப்பிடுகிற அத்தை என்னைப் பார்த்து 'போடுங்க' என்றார்! "எழுதினவங்க பேர் இல்லாம நான் எந்தப் பாட்டையும் அலமாரியில வைக்கிறதில்ல."

'ரன்வெய்' என்று கொஞ்சம் கோணலாக எழுதினேன்.

விருந்து முடிந்து வெளியே வந்தபோது கடல் காற்று பிய்த்து எறிந்தது. ஒட்வார் மாமா, "மடிச்சுப் பையில வைங்க, பறந்துடப்போகுது" என்றார். அத்தை கேட்கவில்லை. தாளை மடிக்காமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வீடு வரைக்கும் அந்த மெட்டை முணுமுணுத்தபடியே நடந்தார்.