தனக்கொரு நகல்

"சகல ஊழியர்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், இன்று முதல் யாருக்கு மின்னஞ்சல் அனுப்பினாலும், அனுப்புகிறவர் தனக்கும் ஒரு நகல் போட்டுக்கொள்ள வேண்டும். மீறினால் கடும் நடவடிக்கை."

ஆண்டிமடத்து முந்திரி ஆலை மேலாளர் ராஜவேல் சில மாதங்களுக்கு முன் இந்த வரலாற்றுப் பிரகடனத்தை வெளியிட்டபோது, அங்கே கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்கள் மொத்தம் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருவன் சூப்பர்வைசர் வீரமணி.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மூடிக்கிடந்த ஆலையின் ஆபீஸில் சாயங்கால வெளிச்சத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். மூன்று நாளைக்கு முன் பாய்லர் வால்வு தெறித்து, கொட்டை அவித்துக்கொண்டிருந்த, தோட்டு எண்ணெயில் விரலெல்லாம் கறுத்த பாப்பாத்தி வெந்து செத்துப்போனாள். 'வால்வு கசிவது உங்களுக்கு முன்பே தெரியுமா?' என்று பெரம்பலூர் தலைமை அலுவலகம் கேட்டிருந்தது. தெரியும் என்றால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. 'அனைவருக்கும் பதில்' என்பதை அழுத்தி, "தெரியாது. என்னிடம் யாரும் சொல்லவில்லை" என்று அனுப்பினார்.

டிங். அவருடைய நகல் வந்தது. திறந்தார்.

"தெரியும். வீரமணி சொன்னான்."

அனுப்பியதைப் போய்ப் பார்த்தார். அதில் 'தெரியாது' என்றுதான் இருந்தது. வீரமணிக்குப் போன் போட்டார்.

"ஏன்டா, என் பாஸ்வேர்டு உனக்குத் தெரியுமா?"

"எனக்கெதுக்கு சார் அது? பாப்பாத்தி அக்கா வூட்ல நிக்கிறேன். பந்தல் பிரிக்கிறாங்க."

"வால்வப் பத்தி எழுதினியே, அது?"

"நீங்கதான அழிக்கச் சொன்னீங்க, அழிச்சிட்டேன். இப்ப நம்ம ரெண்டு பேரு மண்டையிலதான் இருக்கு. அதயும் அழிச்சிட முடியுங்களா சார்?"

வைத்துவிட்டான். வெளியே முந்திரித் தோப்பு இலை அசையாமல் நின்றது. வெயில் இறங்க இறங்கக் கிடங்கின் தகரக்கூரை டிக் டிக்கென்று சுருங்கிக்கொண்டிருக்க, கொட்டைத் தோட்டின் எண்ணெய்க் காரம் கதவிடுக்கு வழியாக நுழைந்து அவர் தொண்டையில் படிந்தது. அதற்கும் அப்பால், மூன்று நாளாகக் குளிர்ந்து கிடக்கும் பாய்லரிலிருந்து, யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவதுபோல மெல்லிய சீறல் கேட்டது.

'எனக்கும் நகல் அனுப்பு' என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தார். இம்முறை அவர் எதுவும் எழுதவில்லை, அனுப்பவுமில்லை.

டிங்.

"'சீசன் முடியட்டும், அப்புறம் மாத்திக்கலாம்' என்றேன்."

சொன்னதுதான். அதே வார்த்தைகள். சுவிட்சை அணைத்தார். திரை இருண்டது.

சட்டைப்பையில் போன் டிங்கென்றது.

"சுவிட்சை அணைத்துவிட்டேன். கதவைப் பார்க்கிறேன்."

கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிங்.

"ஓடப்போகிறேன்."

ஓடினார். தாழ்ப்பாள் கொதித்தது. கை கொப்பளித்தது. பின்னால் சத்தம். தட். தட். தட். கீபோர்டு தட்டும் சத்தம்.

திரும்பினார்.

நாற்காலியில் அவரே உட்கார்ந்திருந்தார். அதே கண்ணாடி. அதே கட்டம்போட்ட சட்டை. முகத்துத் தோல் மட்டும் வெந்து, கன்னத்திலிருந்து காலர் வரை தொங்கியது. ஆவி பறந்தது. மின்சாரமில்லாத திரையில் வெளிச்சம். 'அனைவருக்கும் பதில்.' தோட்டு எண்ணெயில் கறுத்த பத்து விரல்களும் கீபோர்டின்மேல் பறந்தன. வரி வரியாக எல்லாம் வந்தது. நாள், நேரம், வீரமணி சொன்னது, இவர் சிரித்தது. அது நிமிரவே இல்லை. அனுப்பியது. அடுத்ததைத் தொடங்கியது.

ராஜவேலுக்கு ஒற்றை விரலில்தான் தட்டத் தெரியும்.