வாசலில் ஒரு குட்நைட்

மதியச் சாப்பாடு முடிந்த பிறகு டொபேகோ தீவில் எங்கள் கரைப்பக்கம் யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. கடலே அந்த நேரத்தில் அரைத்தூக்கத்தில்தான் கிடக்கும். ஓய்வு பெற்ற போலீஸ் கார்ப்ரல் ஆல்ஃபோர்ட் மெல்வில், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு வலை ஊஞ்சலில் படுத்திருந்தார். பக்கத்தில் மீன்காரி ஜெஸ்டினா, விற்காத மீனுக்கு ஈ ஓட்டிக்கொண்டே, இந்த ஊரில் ஒரு நல்ல குற்றம் நடக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் ஏக்கம் வீண்போகவில்லை. கடற்கரை விடுதிக்காரி வெர்லின் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"கார்ப்ரல், எங்க நெவிலைக் காப்பாத்துங்க. அவன் வழிகாட்டி பேட்ஜைப் பிடுங்கப் போறாங்க!"

"என்ன திருடினான்?" என்று எழுந்தே விட்டாள் ஜெஸ்டினா.

"உன் வாயில மண்ணு. அவன் ஒண்ணும் திருடல."

விஷயம் இதுதான். தூண்டில் நரம்பு சுற்றிச் சிறகு கிழிந்த கடற்பறவை ஒன்றை, பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டும் நெவில் பாறையிடுக்கிலிருந்து எடுத்து வந்திருந்தான். வெள்ளை உடம்பு, சிவந்த அலகு, ரிப்பன் மாதிரி நீண்ட வால். வெர்லினின் வராந்தாவில் கூடையில் வைத்து, காலையும் மாலையும் சின்ன மீன் ஊட்டினான். நேற்று இருட்டிய சமயம் வெர்லின் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தால் கூடை காலி. விடுதியில் தங்கியிருக்கும் இங்கிலாந்துக்காரர் பெல்லிங், நெவில்தான் பறவையை விற்றுவிட்டான் என்று காலையிலேயே வனத்துறைக்குப் போன் போட்டுப் புகார் கொடுத்துவிட்டார்.

"அவன் குட்நைட் சொன்னதைக் காதால கேட்டேன்னு சாதிக்கிறாரு. இவனும் ஆமா, சொன்னேங்கிறான். அப்புறம் என்னத்துக்குத் திருடன்னு சொல்றாருன்னே எனக்குப் புரியல."

தொப்பி மெல்ல இறங்கியது. "எனக்கு லேசாப் புரியுது," என்றார் மெல்வில். "வா, நடப்போம்."

விடுதி வராந்தாவில் காற்றே இல்லை. எதிரே கூழைக்கடாக்கள் சோம்பலாகக் கடலில் விழுவதும் எழுவதுமாக இருந்தன. பெல்லிங் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஹில்டா ஏதோ இனிய கனவு கண்டு எழுந்தவள் போல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். படியில் நெவில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பறவைகளைத் தவிர வேறு தொழில் தெரியாதவன்.

"சொல்லுங்க சார்," என்றார் மெல்வில்.

"நான் குளிச்சிட்டிருந்தேன். இவ பீச்சுல இருந்தா. இவன் குட்நைட் சொல்லிட்டுக் கிளம்பினான். நான் வெளிய வந்து பாத்தா பறவை இல்ல. இதுக்கு மேல என்ன வேணும்?"

"கிளம்பினதைப் பாத்தீங்களா?"

"அதான் குட்நைட் சொன்னானே!"

ஜெஸ்டினா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

"சார்," என்றார் மெல்வில், "இருட்டுனப்புறம் ஒரு வீட்டுக்கு வந்தா, நாங்க வாசல்ல நின்னு குட்நைட்னுதான் கூப்பிடுவோம். அது வர்றவன் சொல்றது. போறப்ப 'சரி, வரட்டா'ன்னுட்டுப் போயிடுவோம். நெவில், நீ கூப்பிட்டப்புறம் என்ன ஆச்சு?"

"யாரும் குரல் குடுக்கல. பதில் வராத வீட்டுக்குள்ள எப்படிக் கால் வைக்கிறது? திரும்பிட்டேன்."

"கூப்பிட்டுப் பாத்துட்டு உள்ள நுழைஞ்சிருக்கலாமே?" என்றாள் ஜெஸ்டினா. சந்தேகத்தை அவ்வளவு சீக்கிரம் விட அவளுக்கு மனசில்லை.

"திருட வந்தவன் தெருவுக்கே கேக்கற மாதிரி கூப்பிடுவானாடி?" என்றாள் வெர்லின்.

"அவன் மேல தப்பில்லைங்க," என்றாள் ஹில்டா மெதுவாக. "பாவம், வெறுங்கையோடதான் போனான்."

மெல்வில் அவள் பக்கம் திரும்பினார். கோபமே இல்லாத முகம்.

"அம்மா, பீச்சுலேர்ந்து பாத்தா இந்த வேலி மறைக்கும். கேட் விளக்கு வெளிச்சத்துல அவன் கையைப் பாக்கணும்னா இங்கேதான் இருந்திருக்கணும். மீன் ஊட்டிட்டுக் கிளம்பறான்னு நீங்களும் நினைச்சீங்க. இனிமே யாரும் வர மாட்டாங்கன்னு தைரியம் வந்துது. இல்லீங்களா?"

பெல்லிங் எழுந்தார். "ஹில்டா?"

"தினமும் அது கடலையே பாத்துக்கிட்டிருந்துது," என்றாள் அவள். "என்னால தாங்க முடியல. மணல்ல, தண்ணியப் பாத்த மாதிரி விட்டுட்டு வந்தேன். காலைல போனா இல்ல. பறந்துடுச்சு." சொல்லும்போதே முகம் மலர்ந்தது.

நெவில் துள்ளி எழுந்தான். "மணல்லயா? ஐயோ, அதால மணல்லேர்ந்து எழும்ப முடியாதும்மா! நடக்கவும் வராது. மேட்டுலேர்ந்து குதிச்சாத்தான் பறக்கும். அதுவும் சிறகு ஆறவே இல்லையே!"

சொல்லிக்கொண்டே ஓடினான். எல்லோரும் பின்னால் ஓடினார்கள், மீன்கூடையோடு ஜெஸ்டினாவும். நாய்கள் திரியும் கரை அது. கடல் திராட்சைப் புதர்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தான். வயிற்றால் தேய்ந்து தேய்ந்து, நிழலுக்குள் போய் ஒடுங்கியிருந்தது பறவை. கை நீட்டியவனின் விரலைக் கொத்தி ரத்தம் வரவழைத்தது. அவன் சிரித்தான், கண்ணில் நீர் வழிய. ஜெஸ்டினா கூடையிலிருந்து ஒரு மீனை நீட்டினாள். காசு கேட்கவில்லை.

ஹில்டா வெயிலிலேயே நின்றுவிட்டாள். தான் கொடுத்த விடுதலை இந்த லட்சணத்தில் இருந்ததைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சரி, கிடைச்சிடுச்சில்ல," என்றார் பெல்லிங். "விஷயம் முடிஞ்சுது."

"முடியல சார்," என்றார் மெல்வில். "போனை எடுங்க."

பெல்லிங் வேண்டாவெறுப்பாக வனத்துறையைக் கூப்பிட்டார். ஏதோ தவறு நடந்துவிட்டது, புகாரை விட்டுவிடலாம் என்று முணுமுணுத்தார். யார் தவறு என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். அவர் கடலைப் பார்த்தார். நெவில் பறவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

ஹில்டா கணவன் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"எடுத்தது நான். அவனைத் திருடன்னு சொன்னப்ப பேசாம இருந்ததும் நான்தான். எழுதிக்கிறீங்களா?" என்றவள், தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகச் சொன்னாள்.