நூற்று எண்பத்தெட்டில் ஒரு விரல்

டிரைவர் அண்ணன் மெதுவாகப் பேசினார். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

பத்து வருடமாக அவர் குழுவில் அனுப்பிய குரல் பதிவு ஒவ்வொன்றும் கத்தல்தான். பஸ் எஞ்சினோடு போட்டி போட்டுப் பழகிய தொண்டை அது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டே முக்கால் மணிக்கு, வேறு ஆளில்லாத பல் செட் பட்டறையில், ஸ்பிரிட் விளக்கில் உருகும் மெழுகின் வாசனைக்கு நடுவே உட்கார்ந்து யாரோ ஒருவரின் மேல்தாடைக்குப் பல் அடுக்கிக்கொண்டிருந்தவளுக்கு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டால்தான் அவர் பேசுவது கேட்டது.

"தங்கச்சி, நான் இன்னும் விரலை எடுக்கல."

குழுவில் அவளுக்கு அம்பயர் என்று பெயர். குழு என்றால் நாற்பது பேர். எல்லோரும் வேலை, குடும்பம், முதுகுவலி உள்ளவர்கள். சின்ன வயதில் படித்த சாகச விளையாட்டுப் புத்தகங்களை விட்டுத் தொலைக்க மனம் வராதவர்கள். அந்தப் புத்தகங்களில் கதை வரிசையாகப் போகாது. குகைக்குள் நுழைந்தால் 45-ஆம் பத்திக்குப் போ, வாளை எடுத்தால் 90-க்குப் போ என்று படிப்பவரையே நாயாக ஓடவிடும். பூதம் வந்தால் பகடை உருட்டிச் சண்டை. கல் பூதம் தண்ணீரில் மூழ்குமா என்று ஒரு தடவை பதினோரு நாள் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் தீர்ப்பு சொன்னது இவள்தான். மூழ்கும், ஆனால் சாகாது.

மூன்று மாதத்துக்கு முன்னால் சண்டை ஒரு புத்தகத்தில் வரும் பின்னடியானைப் பற்றியது. அந்தப் புத்தகத்திலேயே மோசமான ஜந்து அதுதான். முகத்தைக் காட்டாது, முதுகைக் காட்டிக்கொண்டு, குதிகாலை முன்னே வைத்து உன்னை நோக்கி வரும். 213-ஆம் பத்தியில் அதனிடம் தோற்றால் கதை முடிந்தது. அதனால் எல்லோரும் ஒரு காரியம் செய்வார்கள். அதற்கு முன்னால் படித்த பத்தியான 188-இல் விரலை வைத்துக்கொண்டே 213-ஐத் திறப்பார்கள். செத்தால் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடலாம். 'செத்தா செத்ததுதான், விரல் வெக்கிறது கள்ளாட்டம்' என்று குழுவிலிருந்த கணக்கு வாத்தியார் ஒற்றைக் காலில் நின்றார். இவள் விடவில்லை. விரல் 188-இல் இருக்கும்வரை ஆளும் 188-இல்தான் இருக்கிறான், பின்னடியான் அவனைத் தொடக் கூடாது என்று தீர்ப்பு எழுதினாள்.

"நேத்து சாயங்காலம் டிப்போ ரெஸ்ட் ரூம்ல வெச்சு 213-ல தோத்தேன்," என்றார் அண்ணன். "தலையைத் தூக்கினா கதவுகிட்ட நிக்குது. முதுகைக் காட்டிக்கிட்டு. விரலைக் கொஞ்சம் அசைச்சாலும் ஒரு அடி வைக்குது. மத்தவங்க அது வழியாவே வர்றாங்க, போறாங்க. யாருக்கும் தெரியல."

"அண்ணே, விளையாடாதீங்க."

"நாலு மணிக்கு எனக்கு வண்டி தங்கச்சி. அறுபது பேர் ஏறுவாங்க. புத்தகத்துல ஒரு கையை வெச்சுக்கிட்டு ஸ்டியரிங் பிடிக்க முடியுமா?"

இந்த மனிதர் பொய் சொல்லிக் கேட்டதில்லை. விளையாட்டில்கூட, பகடை மேசைக்கு அடியில் விழுந்தால் குனிந்து பார்த்து உள்ள எண்ணைத்தான் சொல்வார்.  அவளுக்குக் கோபம் வந்தது. தீர்ப்பு அவளுடையது, அதை நம்பித்தான் அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வாத்தியாரைக் கூப்பிட்டாள். அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை.

"எனக்கும் போன் பண்ணினார்மா. நீ தீர்ப்பை வாபஸ் வாங்கிடு. அப்பவே சொன்னேன், கேட்டியா?"

"வாங்கினா அண்ணன் செத்தவர்னு ஆயிடுமே சார்!"

வாத்தியார் புத்தகத்தை எடுத்துவரப் போனார்.

"213-ல அதைப் பத்தி என்ன போட்டிருக்கு? அப்படியே வாசிங்க."

தாள் புரளும் சத்தம் கேட்டது. "'தோற்றவனின் பின்னால் வருவான். ஒரு சமயத்தில் ஒருவன் பின்னால் மட்டுமே. கடைசியாகத் தோற்றவன் பின்னால்.'" அவர் நிறுத்தினார். அவளை அவருக்குப் பத்து வருடமாகத் தெரியும். "ஏம்மா... நீயா போய்த் தோக்க வேணாம்மா. நான் சொல்றதைக் கேளு."

"உங்க பேச்சை நான் என்னிக்கு சார் கேட்டிருக்கேன்?" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

புத்தகமும் பகடையும் கைப்பையிலேயே இருந்தன. இடது ஆள்காட்டி விரலை 188-இல் வைத்து, வலது கையால் 213-ஐத் திறந்து உருட்டினாள். ஜெயித்தாள். மறுபடி உருட்டினாள். மறுபடியும் ஜெயித்தாள். இருபது வருடத்தில் ஒரு தடவைகூட அவளுக்கு மசியாத பின்னடியான், இன்றைக்குப் பார்த்து அடிமேல் அடி வாங்கிச் செத்துக்கொண்டே இருந்தது. மணி மூன்று இருபது. எண்ணை மாற்றிச் சொல்லலாம், யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் பொய்த் தோல்வி தோல்வி ஆகாது, அது அம்பயருக்குத் தெரியும். "தோக்கவாவது விடேன், சனியனே!" என்று பகடையைத் திட்டினாள். மூன்று முப்பத்தைந்துக்கு ஒன்றும் ஒன்றும் விழுந்தது. அடுத்த வீச்சில் அவளுடைய கடைசி உயிர்ப் புள்ளியும் போனது.

தோற்றாள்.

ஜன்னலில் வெயில் அப்படியேதான் இருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். பிளாஸ்டர் அறைப் பக்கம், குழாய் சொட்டும் சத்தத்துக்கும் அலமாரியில் வரிசையாக இளிக்கும் தாடை அச்சுகளுக்கும் அப்பால், மெழுகு வாசனையை மெல்ல அமுக்கிக்கொண்டு வேறொரு வாசனை எழுந்தது. நனைந்து ஊறிய காகிதம். பைண்டிங் பசை.

போன் அதிர்ந்தது. "தங்கச்சி! போயிடுச்சு! கதவுகிட்ட ஒண்ணுமே இல்ல! விரலை எடுத்துட்டேன், ஒண்ணும் ஆகல!" பழைய கத்தல். பட்டறையே அதிர்ந்தது. "நீ என்ன பண்ணினே? தங்கச்சி?"

 பிளாஸ்டர் அறை வாசலில் ஒரு முதுகு நின்றது.

உயரம். சாம்பல் நிறம். கழுத்தில் முடி இல்லை. தலை அந்தப் பக்கமே பார்த்திருந்தது.

குதிகால் ஒன்று அவளை நோக்கி வந்தது. தரையைத் தடவியது. நின்றது.

"நில்லு. விரல் 188-ல இருக்கு. தெரியுதா?"

நின்றது.

  அவளுக்கு உள்ளே கனன்றது. ஓர் இரவு முழுக்க ஒரு நல்ல மனிதரைத் தூங்கவிடாமல் நின்ற ஜந்து இது. இதற்கா பயப்படுவது?

"என்ன முறைப்பு? முகம்கூடக் கிடையாது, உனக்கு முறைப்பு வேற! கேட்டுக்கோ. ஆட்டத்துல இருக்கிற யாரா இருந்தாலும், திரும்பி வரணும்னு நினைக்கிற இடத்துல விரல் வெச்சுக்கலாம். எல்லாருக்கும் ஒரே சட்டம். இதுதான் என் தீர்ப்பு. நான் மாத்த மாட்டேன். நீ யாருகிட்ட வேணும்னாலும் போய்ச் சொல்லிக்கோ, போ!"

அது கேட்டது. அந்த முதுகு கேட்பதை அவளால் பார்க்க முடிந்தது. தோள்கள் சற்றே இறங்கின. நிம்மதி போல.

பிறகு, திரும்பாமலேயே, இரண்டு கைகளையும் பின்னால் நீட்டியது. முழங்கைகள் மடங்கக் கூடாத பக்கம் மடங்கின. கைகள் நீண்டன. மேசையைத் தாண்டின. விளக்கைத் தாண்டின.

அவள் எழ முயன்றாள். எழுந்தால் விரல் நழுவும். உட்கார்ந்தாள்.

முதல் விரல் அவள் பற்களுக்கு நடுவே நுழைந்தது. சில்லென்று. பசையின் ருசி. அவள் கடித்தாள். பல்லைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? கடைவாயில் தள்ளி, தாடை நோகும்வரை கடித்தாள். கண்ணில் நீர் வந்தது. விரல் அசையவில்லை. இழுக்கவும் இல்லை. கிழிக்கவும் இல்லை.

அவள் சொன்ன தீர்ப்பின்படியே, திரும்பி வர இடம் பிடித்து வைத்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது விரல் இடது கண்ணிமைக்குக் கீழே. பதமாக. தாள் கசங்கிவிடக் கூடாதே என்ற கவனத்தோடு.

மூன்றாவது, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே.

போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுக்க முடியவில்லை. அவளுடைய விரல் 188-இல் இருந்தது. எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டாள். ஒரு கண்ணால் அந்த முதுகை முறைத்தபடி இன்னும் அழுத்திக் கடித்தாள்.

அதுவும் எடுக்கவில்லை. நான்காவது விரல், அவசரமே இல்லாமல், அவள் கழுத்தில் ஊர்ந்து தனக்கொரு இடம் தேடிக்கொண்டிருந்தது.