ஏழாம் கட்டிலில் ஒரு கையெழுத்து

வெல்டிங்கக்கா வார்டுக்குள் நுழைந்தபோது மதியம் இரண்டு மணி. பட்டறையில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் வெல்டிங்கக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவளே கொஞ்சம் யோசிப்பாள். கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி என்று இருபது வருஷமாக இரும்போடு மல்லுக்கட்டியவளுக்கு இப்போது நெஞ்சுக்குள் தகராறு. நினைத்த நேரத்தில் இதயம் தறிகெட்டு ஓடும். போன மாதம் ஏணி மேல் நிற்கும்போதே ஓடி, கண் இருட்டி, தொப்பென்று விழுந்தாள்.

நர்ஸ் சுவரோரம் இருந்த ஏழாம் கட்டிலைக் காட்டினாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தக் கட்டிலைச் சுற்றி மட்டும் ஏனோ குளிர். காயாத ஈரத்துணி வாடை வேறு.

டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் பேசினார். இதயத்தில் பிறவியிலேயே ஒரு குறுக்குவழி இருக்கிறதாம். மின்சாரம் அதற்குள் புகுந்து சுற்றுவதால்தான் இந்த ஓட்டம். மாத்திரையிலேயே காலம் தள்ளலாம். ஆனால் அதை விழுங்கியும்தானே விழுந்தாள்? இல்லையென்றால் தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு, அந்த இடத்தைச் சுட்டுவிடலாம். பெரும்பாலும் அதோடு தீரும். நூற்றில் ஒருவருக்கு நல்ல வழியும் சேர்ந்து கருகும். அப்புறம் நெஞ்சில் பேஸ்மேக்கர் கருவிதான், அதைக் குழப்பிவிடும் வெல்டிங் மெஷின் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஒன்றும் செய்யாமல் விட்டாலோ, ஒருநாள் உயிருக்கே உலை வைக்கும்.

சூடு வைப்பது அவளுக்குப் புரியாத வேலையா? ஆனாலும் அந்த நூற்றில் ஒருவர் தானாக இருந்துவிட்டால்? வெல்டிங் இல்லாத தன்னை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை. ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வீட்டுக்காரர், ஒரு மாசம் பொறுத்துச் செய்யலாமே என்று முனகிவிட்டு டீ குடிக்க நழுவினார்.

சம்மதப் படிவமும் அவளும் தனியாக இருந்தார்கள். பேனாவை எடுத்தாள்.

எழுதும் கையை யாரோ பிடித்தார்கள்.

நாடி பார்க்கிற பிடி. சில்லிட்ட விரல்கள். குனிந்து பார்த்தாள். அங்கே அவள் கை மட்டும்தான் இருந்தது.

காதோரம் மருந்து வாடையோடு ஒரு மூச்சு.

"அப்புறம் பாத்துக்கலாம்."

பேனாவைக் கீழே வைத்தாள். பிடி தளர்ந்தது.

மறுபடி எடுத்தாள்.

இறுகியது.

விஷயத்தைக் கேட்ட நர்ஸ் சிரிக்கவில்லை. கட்டிலை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். முன்பு இதே கட்டிலில் ஒருத்தர் படுத்திருந்தாராம். மூன்று தடவை வந்து, மூன்று தடவையும் படிவத்தைத் தள்ளி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர். "நாலாவது தடவ தூக்கிட்டு வந்தாங்க. சம்மதம் கேக்கறதுக்கு அவர் உசுரோட இல்லக்கா. வேற கட்டில் தரட்டுமா?"

வேண்டாம் என்றாள். பயத்தையும் மீறி அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தான் கெட்டது போதாதென்று துணைக்கு ஆள் சேர்க்கிறதா இது?

"யோவ், எனக்கும் பயம்தான். பொழப்பு போயிடுமோன்னு உசுரே நடுங்குது. அதுக்காக உன் பக்கத்துல வந்து உக்காந்துக்கச் சொல்றியா? கைய எடு."

எடுக்கவில்லை. எலும்பு வலித்தது. இதயம் கிடுகிடுவென ஓடத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக இழுத்தாள். கோணல்மாணலாக இருந்தாலும் அது அவள் கையெழுத்து.

மறுநாள் காலை கம்பி உள்ளே போய்ச் சுட்டபோது நெஞ்சுக்குள் ஒரு கணம் சுரீரென்றது. திரையில் கன்னாபின்னாவென்று துள்ளிய கோடுகள் ஒழுங்குக்கு வந்தன. நல்ல வழிக்கு ஒன்றும் ஆகவில்லை, கொஞ்ச நாள் ஓய்வெடுத்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டரம்மா. வெல்டிங்கக்கா படுத்தபடியே ஓவென்று அழுதாள்.

அடுத்த நாள் மதியம் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்காரர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே, தைரியமாகச் செய்துகொள் என்று தான் அன்றைக்கே சொன்னதாக நர்ஸிடம் அளந்துகொண்டிருந்தார். ஏழாம் கட்டிலில் புதிதாக ஒரு வேன் டிரைவர். மடியில் அதே படிவம், பக்கத்தில் மனைவி. அவர் பேனாவை எடுத்தார். நின்றார். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்புறம் பாத்துக்கலாம்டி," என்றார்.

வெல்டிங்கக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள். தொடை சுண்டி இழுத்தது. வீட்டுக்காரர் கத்தியதைக் காதில் வாங்காமல் கட்டிலுக்குப் போனாள்.

"அண்ணே, டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் கேளுங்க. வேணாம்னு தோணினா நீங்க சொல்லுங்க. அந்த ஆள் சொல்லக் கூடாது."

"எந்த ஆளும்மா?"

அவள் அவர் மணிக்கட்டைப் பற்றினாள். அவள் விரல்கள் அவர் தோலைத் தொடவில்லை. இடையில் வேறொரு கை இருந்தது.

அது அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கியது.

அவள் விடவில்லை.