தூணுக்கு அந்தப் பக்கம்

"யாருங்க அது, நேத்துப் பூசின தூணைப் போய்ச் சுரண்டுறது?"

கட்டி முடியாத கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒப்பந்ததாரரின் மகன் அதட்டினான். சுரண்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். சிமெண்டுத் தூசி படிந்த இமைகளுக்குள்ளே, மழைக்கு முந்தைய வானத்தை ஒத்த இரு கண்கள்... மீதி அதட்டலை மறந்து அவன் அவளருகே போய் நின்றான்.

"கான்கிரீட் சோதனைக்கு வந்திருக்கேன். பூச்சைச் சோதிச்சு என்ன பண்றது? எலும்பைப் பாக்கணும்."

தூணை உடைக்காமலேயே அதன் உறுதியை மதிப்பிடும் கருவி அவளிடம் இருந்தது. ஒரு பக்கத்து முனையிலிருந்து புறப்படும் ஒலி மறுபக்கத்து முனையை எத்துணை விரைவில் அடைகிறதோ, அத்துணை கெட்டி அதன் உட்புறம். உதவியாளர் அன்று வராமையால், மறுமுனையைப் பிடிக்கும் பணி அவனுக்கு வாய்த்தது.

முனைகள் இடைவெளியின்றிப் பதிய, அவள் தூணின் இருபுறமும் கிரீஸ் தடவினாள்.

"தூணுக்கு மூட்டுவலியா? தைலமெல்லாம் தேய்க்கிறீங்க."

"வாயை விட்டுட்டுக் கையை அழுத்துங்க. அசைஞ்சா கருவியில எண் ஆடும்."

அவன் அசையவில்லை. அவளுடைய முகம் தெரியவில்லை. குரல் மட்டும் தூணைச் சுற்றி வந்தது. அங்கே அழுந்தும் அவளுடைய உள்ளங்கை, கான்கிரீட்டைக் கடந்து தன் உள்ளங்கையில் படிவதாகவே அவனுக்குத் தோன்றியது...

"பரவாயில்லையே, நல்லாத்தான் பிடிக்கிறீங்க." அக்குரலில் சிரிப்பு இருந்தது.

மூன்று முறை சோதித்தாள்; மூன்று முறையும் ஒரே எண். ஒலி மிகவும் தாமதித்தே வந்து சேர்ந்தது. சிரிப்பு நின்றது.

"உள்ள கலவை சரியா இறங்கலைங்க. ஓட்டையா இருக்கு. இதை நம்பி மேல மாடி ஏத்தக் கூடாது."

செய்தி எட்டியதும் அவனுடைய அப்பா வந்தார். "என் தூண்ல ஓட்டையா? கிரீஸ்ல வழுக்கியிருக்கும். நீதானடா பிடிச்ச? கை அசைஞ்சுச்சுல்ல?"

அவள் அவனைப் பார்த்தாள். நம்பிக்கையோடு பார்த்தாள், அதுதான் கொடுமை.

"ஆமாப்பா... கொஞ்சம் அசைஞ்சிருக்கும்."

"கேட்டுக்கோம்மா. வேலை தெரிஞ்ச ஆளா அனுப்பச் சொல்லி உங்க ஆபீஸ்ல பேசிக்கிறேன்."

அவள் கருவியின் கம்பிகளைச் சுருட்டினாள்.

மழை பிடித்துக்கொண்டது. அவன் வாயிற்கதவு வரை ஓடி வந்து அவளை மறித்தான்.

"நான் அசைக்கவே இல்லைங்க..."

"தெரியும்."

"அப்பா முன்னால எனக்கு வாய் வராது... இதையாவது உங்ககிட்ட சொல்லிடறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

மழைநீரிலும் அவனுடைய உள்ளங்கைக் கிரீஸ் கரையவில்லை. அவள் அதையே சிறிது நேரம் பார்த்தாள்.

"வந்த எண்ணைத்தான் அறிக்கையில எழுதுவேன். உங்க அப்பா யாரை வேணாலும் கூப்பிடட்டும்."

நடக்கத் தொடங்கியவள் நின்றாள், திரும்பவில்லை.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருந்துச்சு... தூணுக்கு அந்தப் பக்கம், முகம் தெரியாம நின்னீங்களே, அதுவரைக்கும்."